கடல் உப்பு வாங்கலாமா? பினாங்கு அடுப்படிக்கு உப்புக் குறிப்புகள்

ஜார்ஜ் டவுன் பேரங்காடிகளில் இப்போது உப்புக்கே தனியாக ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணத் தூள் உப்புப் பொட்டலம் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கிறது. பக்கத்திலேயே கண்ணாடிப் புட்டிகளில் கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு, விரலில் நொறுங்கும் செதில் உப்பு எல்லாம் பல மடங்கு விலையில் நிற்கின்றன. "கடல் உப்பு உடம்புக்கு நல்லதாமே, மாற்றிவிடலாமா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஊறுகாய்க்கும் கழுவுவதற்கும் மலிவான கல் உப்பு, ஆசைக்கு மட்டும் விலை கூடிய உப்பு என்பதுதான் என் கணக்கு. ஏன் என்பதையும், இந்த ஊர் ஈரத்தில் உப்பை எப்படி வைத்துப் புழங்குவது என்பதையும் கீழே தருகிறேன்.

1. 'கடல் உப்பு' என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சாதாரண உப்பு என்று நாம் வாங்குவதிலும் நிறைய கடல்நீரில் விளைந்ததுதான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில்; அதில் தூத்துக்குடிக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் டாம்பியர் உப்பளங்களும் கடல்நீரை வெயிலில் சுண்டவைத்து ஆசிய நாடுகளுக்கு அனுப்புகின்றன. பாத்தியில் நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமே வந்ததும் உப்பு பூக்கும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் தங்கிவிடும். வாரிய உப்பை நன்றாகக் கழுவி, சுத்திகரித்து, பொடித்தால் அது தூள் உப்பு. அவ்வளவாகக் கழுவாமல் விட்டால் கல் உப்பு. இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியமும் கால்சியமும் உண்மைதான். ஆனால் நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பில் வரும் அந்தத் துளியை நம்பி யாரும் கீரையையும் பருப்பையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

2. இரத்த அழுத்தத்துக்குக் கடல் உப்பு தேவலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 390 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பு தூத்துக்குடியில் விளைந்தாலும் பிரான்சில் விளைந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மலேசியாவில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் உப்பின் வகையை மாற்றி மனநிறைவு அடைவது ஆபத்து. அளவைத்தான் குறைக்க வேண்டும்.

3. அயோடின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமான குறிப்பு இதுதான். கடலில் அயோடின் இருப்பதால் கடல் உப்பிலும் தானாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடல்நீரிலேயே அது மிகக் குறைவு. உப்பு பூக்கும்போது அதிலும் பெரும்பங்கு கசப்பு நீரோடு போய்விடும். கைக்கு வரும் உப்பில் மிஞ்சுவது நம் தேவைக்குப் பக்கத்தில்கூட வராது.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும். அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தால் தொண்டைக் கழலை தெரியும், மருத்துவரிடம் போவோம். பிள்ளையின் அறிவுத்திறனில் விழும் குறை வெளியே தெரியாது. மீன் தின்னும் தீவுக்காரர்களுக்கு இந்தக் கவலை எதற்கு என்றும் கேட்பார்கள். மலேசியாவில் 2008-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய தேசிய ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அயோடின் அளவு இருக்க வேண்டியதற்குக் கீழே இருந்தது. சபா, சரவாக்கில் முன்பே இருந்த அயோடின் விதி 2020 செப்டம்பர் இறுதியில் தீபகற்பத்துக்கும் வந்தது. 20 கிலோ வரையிலான உப்புப் பொட்டலங்களில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் உப்பில் சரியாக 150 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. உப்பைக் கூட்டாமலே தேவை தீரும்படி போட்ட கணக்கு அது.

ஆகவே பொட்டலத்தில் மலாயில் 'பெரியோடின்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அழகான புட்டிகளில் வரும் விசேஷ உப்புகள் பலவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையின் தாயோ இருந்தால், உடல்நலத்தை எண்ணி அந்தப் புட்டிக்கு மாறுவது தலைகீழான வேலை. தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவர் சொல்படி நடக்கட்டும்.

4. அயோடின் கல் உப்பைக் கழுவிக் கொட்டாதீர்கள். கல் உப்பில் தூசி இருக்கும் என்று ஒரு முறை அலசி நீரை ஊற்றிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அயோடினைப் பெரும்பாலும் உப்பின் மேலேதான் தெளிக்கிறார்கள். அலசிய நீரோடு அதுவும் போய்விடும். தூசி உறுத்தினால் வேண்டிய உப்பு முழுவதையும் கொஞ்சம் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்த உப்பு நீரையே குழம்பில் ஊற்றுங்கள். தூசி துணியில் தங்கும், அயோடின் நீரோடு சட்டிக்கு வரும்.

5. சுவை வித்தியாசம் உண்மையா என்று நீங்களே பாருங்கள். தூள் உப்பு 5 கிராம், கடல் உப்பு 5 கிராம் இரண்டையும் தராசில் நிறுத்து, தனித்தனியே ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். எது எதில் என்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். கண்டுபிடிப்பது மிகக் கடினம். சாம்பார், ரசம், மீன் குழம்பு எல்லாவற்றிலும் உப்பு இப்படித்தான் கரைந்துபோகிறது. புளியும் மிளகாயும் பெலாச்சானும் சேர்ந்த குழம்பில் விலை கூடிய உப்பைப் போடுவது வீண்.

6. விலை கூடிய உப்புக்கு ஓர் இடம் உண்டு: கரையாமல் மேலே நிற்கும் இடம். வெட்டி வைத்த மாங்காய், கொய்யா, வெள்ளரிக்காய், அவித்த முட்டை, சுட்ட மீன் இவற்றின் மேல் செதில் உப்பை நசுக்கித் தூவினால் பல்லில் நொறுங்கும். நாக்கில் பட்டதும் சட்டென்று கரையும். கொஞ்சம் போட்டாலே நல்ல கரிப்பாகத் தெரியும். பழக்கடையில் அசாம் பொய்த் தூளைத் தொட்டுத் தின்னும் ருசி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு சிறு புட்டி வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். அதை அடுப்புப் பக்கம் வைக்காமல் சாப்பாட்டு மேசையில் வையுங்கள்.

7. உப்பு வகையை மாற்றினால் கரண்டிக் கணக்கையும் மாற்றுங்கள். ஒரு தேக்கரண்டி தலைதட்டிய தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். கல் உப்பில் கற்களுக்கிடையே காற்று இருப்பதால் எடை சற்றுக் குறையும். செதில் உப்பென்றால் ஏறத்தாழப் பாதிதான். கல் உப்புக்குப் பழகிய கை அதே அளவு தூள் உப்பை அள்ளினால் குழம்பு கரித்துப்போகும். "கடல் உப்பில் கரிப்பு குறைவு" என்று பலர் சொல்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: கரண்டியில் உப்பு குறைவாக ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

8. பினாங்கில் உப்பு ஏன் கசிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதுகாப்பது எளிது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் தீவில் பெரும்பாலான நாட்களில் காற்று அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதில் பாதி ஈரப்பதத்திலேயே நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் கடல் உப்புப் பொட்டலத்தின் அடியில் நீர் தேங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

புதிதாக வாங்கிய கல் உப்பு ஈரமாக இருந்தால், சுத்தமான வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, கீழே ஒரு பீங்கான் கிண்ணம் வைத்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். வடியும் நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசக்கும். அதைக் கொட்டிவிடுங்கள், மிஞ்சும் உப்பில் கசப்பு தணிந்திருக்கும். இதை ஊறுகாய்க்கு வைத்திருக்கும் சாதா கல் உப்புக்குச் செய்யுங்கள். அயோடின் தெளித்த உப்பென்றால் அந்த நீரோடு அயோடினும் கொஞ்சம் வடிந்துவிடும்.

வைக்கும் பாத்திரம் பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் புட்டியோ மரவையோ ஆக இருக்கட்டும். அலுமினியம் அரித்துப்போகும், எவர்சில்வரிலும் நாளடைவில் புள்ளி விழும். உள்ளே மரக்கரண்டி போடுங்கள். பெரிய ஜாடியைத் தினமும் திறக்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மேலுள்ள தட்டு உப்புக்கு ஆகாத இடம். சோறும் ரசமும் விடும் ஆவி நேராக அங்கேதான் போகும். அயோடினும் ஈரத்திலும் சூட்டிலும் நாளாக நாளாகக் குறையும். மேசைப் புட்டியில் தூள் உப்பு கட்டிப்படாமலிருக்க, நம் சாப்பாட்டுக் கடைகளில் செய்வதுபோல் கொஞ்சம் அரிசி போடலாம். அரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, ஆறவிட்டுப் போட்டால்தான் ஈரத்தை நன்றாக இழுக்கும். மாதம் ஒரு முறை அரிசியை மாற்றுங்கள்.

9. தூள் உப்பில் சேர்க்கும் 'கட்டி பிடிக்காத மருந்து' பற்றிப் பயம் வேண்டாம். பொட்டலத்தில் 535, 536, 551 போன்ற எண்கள் இருக்கும். 536 என்பது பொட்டாசியம் பெரோசயனைடு. பெயரில் 'சயனைடு' இருப்பதால் பலர் அலறுகிறார்கள். அதிலுள்ள சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் உடலில் பிரிந்து நஞ்சாவதில்லை. சேர்க்கும் அளவும் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான்.

10. ஊறுகாய்க்குக் கல் உப்பே சிறந்தது; காரணம் உடல்நலம் அல்ல. தூள் உப்பில் உள்ள அந்தச் சேர்மானங்களில் சில நீரில் கரையாமல் நின்று உப்பு நீரைக் கலங்கலாக்கும். கல் உப்பு மெல்லக் கரைந்து காயின் நீரை நிதானமாக வெளியே இழுக்கும். சௌராஸ்தா சந்தையில் ஜாடி ஜாடியாக அடுக்கியிருக்கும் ஜாதிக்காய், மாங்காய், அம்பரலங்காய் ஊறுகாய்களைப் பார்த்து வீட்டிலும் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம் கல் உப்பு. கரண்டியால் அளக்காமல் நிறுத்துப் போடுங்கள். காயைத் துடைத்து, நான்காகக் கீறி, உப்பை உள்ளே அடைத்துப் பீங்கான் ஜாடியில் வையுங்கள். தினமும் ஒரு முறை குலுக்குங்கள். காய் எப்போதும் சாற்றுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தலை நீட்டிய துண்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் உப்பைக் குறைத்து ஊறுகாய் போட்டால் கெட்டுவிடும். உப்பைக் குறைக்க நினைப்பவர்கள் போடும் உப்பைக் குறைக்காமல் தட்டில் வைக்கும் துண்டைச் சிறிதாக்கலாம்.

மோர் மிளகாயும் வடகமும் காயப்போட ஜனவரி, பிப்ரவரி மாதங்களைப் பிடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கு வெயிலை நம்பி எதையும் மாடியில் பரப்ப முடியாது. உப்பில் ஊறிய மிளகாய் இரவு ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மாலை வெயில் சாயுமுன்பே உள்ளே எடுத்து மூடி வையுங்கள்.

11. இட்லி மாவுக்கு எந்த உப்பும் போடலாம். அயோடின் உப்பு போட்டால் மாவு புளிக்காது என்பது தவறு. அதிலுள்ள அயோடின் அவ்வளவு சொற்பம். இங்கே மாவு புளிக்காமல் போவதைவிட அதிகமாகப் புளித்துப்போவதுதான் தொல்லை. மாவு பொங்குமுன்பே உப்பைக் கலந்துவிட்டால் புளிப்பு கொஞ்சம் நிதானப்படும். பொங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

12. இளஞ்சிவப்பு உப்பு, கருப்பு உப்பு. இமயமலை உப்பு என்று விற்கும் இளஞ்சிவப்பு உப்பு பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கப் பகுதியிலிருந்து வருவது. அதுவும் பழங்காலக் கடல் வற்றிப் படிந்ததுதான். நிறம் இரும்புக் கலப்பால் வருகிறது, இரத்தசோகையைத் தீர்க்கும் அளவுக்கு அதில் இரும்பு கிடையாது. கருப்பு உப்புக்கு மோரிலும் பழத்திலும் தனி மணம் உண்டு. மணத்துக்காக வாங்கலாம்.

13. ஞெகிழித் துகள் பற்றிக் கேட்டு உப்பையே வெறுக்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2017-ல் மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நாடுகளின் 17 வகை உப்பைச் சோதித்தார்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றில் கிலோவுக்கு 1 முதல் 10 நுண் ஞெகிழித் துகள்கள் இருந்தன. உப்பின் வழியாக உடலுக்குள் போவது குறைவே என்றுதான் அவர்கள் முடிவு சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் ஆசியக் கடல் உப்புகளில் துகள் அதிகமாகவும் பாறை உப்பில் குறைவாகவும் தெரிந்தது. கடல் உப்பு 'இயற்கையானது, தூய்மையானது' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் நாம் எறிந்தது உப்பாகித் திரும்பி வருகிறது.

14. ஊர்ப் பாசத்தில் வாங்குவது நல்ல காரணம். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தக் கரையில்தான் வேதாரண்யம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பெடுத்துக் கைதான மண். அங்கிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த உப்பு லிட்டில் இந்தியா கடைகளில் கண்ணில் பட்டால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். வெள்ளை வெயிலில் கண் கூச, உப்பு நீரில் கால் வெடிக்க நின்று அதை வாருகிறவர்களின் உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை மிகக் குறைவு. இந்தியாவில் 2006 முதல் நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். ஆனாலும் பொட்டலத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

15. பொட்டலத்தின் மேல் திறந்த தேதியை எழுதுங்கள். உப்பைக் குறைக்க நான் அறிந்த வழிகளில் இதுதான் எளிது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஆனால் இந்த 600-க்குள் கிச்சாப், பெலாச்சான், கருவாடு, அப்பளம், பொட்டல மீ, வெளியே வாங்கும் நாசி கண்டார் குழம்பு எல்லாம் அடக்கம். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு போய்விடும். அதனால் சமையல் உப்பு மட்டும் மாதம் 300, 350 கிராமுக்குள் நின்றால்தான் கணக்கு சரிவரும். அரைக்கிலோப் பொட்டலம் மூன்று வாரத்தில் தீர்ந்தால் எங்கோ கை நீள்கிறது என்று தெரிந்துவிடும். ஊறுகாய் உப்பையும் கழுவும் உப்பையும் தனிப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். 2017–18-ல் நடந்த மலேசியச் சமூக உப்பு ஆய்வில் சராசரி மலேசியர் நாளைக்கு 7.9 கிராம் உப்பு உண்பதாகத் தெரிந்தது. உப்பின் விலையைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை இந்த எண்ணுக்குக் கொடுத்தால் போதும்.

குறைக்கும்போது ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். இறக்குமுன் எலுமிச்சைச் சாறோ புளியோ ஒரு துளி கூட்டினால் உப்புக் குறைவு தெரியாது. சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

16. சோடியம் குறைந்த உப்பு யாருக்கு? சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு உண்டவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. உடல்நலத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் அழகுப் புட்டிக் கடல் உப்பைவிட இதற்குக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள் இதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே சட்டியில் எல்லாருக்கும் சமைக்கும் வீடுகளில் இதை மறக்காதீர்கள்.

17. மலிவான கல் உப்பு ஒரு பை எப்போதும் இருக்கட்டும். கணவாயின் வழவழப்பையும் மீன் செதிலடி நாற்றத்தையும் உப்பும் புளியும் தேய்த்துப் போக்கலாம். அம்மியிலும் இடிகல்லிலும் ஏறிய பூண்டு வாடைக்குக் கல் உப்பைப் போட்டு அரைத்துக் கொட்டுங்கள். வெட்டுப் பலகையில் உப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி நிமிர்த்திக் காயவையுங்கள். இரும்புத் தோசைக்கல்லில் ஒட்டிய கருக்கலுக்கு, கல் சூடாக இருக்கும்போதே உப்பைப் போட்டுப் பழந்துணியால் அழுத்தித் தேய்க்கலாம். தேய்த்தபின் உப்பு ஒரு பொடிகூட மிஞ்சாமல் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, உடனே நல்லெண்ணெய் தடவிவிடுங்கள். இந்த ஊர்க் காற்றில் உப்பு பட்ட இரும்பு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும்.